ரோஜாவுக்குக் கந்தகமா, சமையல் சோடாவா, சூடோமோனாஸா? உரக்கடைச் சரக்குகள் ஒரு விமர்சனம்

அக்டோபர் மழை தொடங்கிப் பத்து நாள் ஆனால் போதும், உரக்கடையில் ஒரே பல்லவிதான்: "ரோஜா இலையெல்லாம் கொட்டுது, கெமிக்கல் இல்லாம ஏதாவது குடுங்கண்ணே." அண்ணன் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது வேப்பெண்ணெய் பாட்டில். மழைக்கால இலை உதிர்வுக்கு அது சரியான மருந்தே இல்லை. வாங்கியவர் இரண்டு வாரம் அடித்துப் பார்த்துவிட்டு, "இயற்கை மருந்தெல்லாம் சும்மா" என்று கார்பென்டசிம் என்ற ரசாயனப் பூஞ்சணக் கொல்லிக்குப் போய்விடுகிறார். பாட்டில் மேல் குறையில்லை, என்ன நோய் என்று பார்க்காமல் வாங்கியதுதான் கோளாறு.

ரோஜா இலைக்கு வரும் பூஞ்சணங்களில் நம் ஊரில் அடிக்கடி தலைகாட்டுபவை இரண்டு. இரண்டுக்கும் குணம் நேர் எதிர். கரும்புள்ளி நோய்க்குத் தண்ணீர் வேண்டும்: இலை சுமார் 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் வித்து முளைத்து உள்ளே இறங்கும். சாம்பல் நோய்க்கு இலைமேல் தண்ணீர் நின்றால் ஆகாது. காற்றில் ஈரப்பதம் மட்டும் போதும். இரவு குளிர்ந்து பகல் வெதுவெதுப்பாக இருக்கும் மார்கழி, தை அதற்குப் பொற்காலம். அதனால்தான் சென்னைத் தொட்டியில் ஐப்பசியில் கரும்புள்ளி வருகிறது, ஓசூர்ப் பக்கம் பனிக்காலத்தில் மொட்டுக் காம்பு வெள்ளை பூசிக்கொள்கிறது.

கடைக்குப் போகுமுன் ஒரு இலையைப் பறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். கரும்புள்ளியின் விளிம்பு வட்டமாக, சுத்தமாக இருக்காது. மை சொட்டி ஊறிய காகிதம்போல ஓரம் நார் நாராகப் பிரிந்திருக்கும். சுற்றி மஞ்சள் பரவும். பெரும்பாலும் செடியின் அடியில் தொடங்கி மேலே ஏறும். சாம்பல் நோய் தலைகீழ்: துளிரில் ஆரம்பிக்கும், இளம் இலை மேல்நோக்கிச் சுருளும், விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டு இப்படி மாவாக வராது. மூன்றாவதாக ஒன்று உண்டு, அடிச்சாம்பல் நோய். நரம்புகளுக்கு இடையில் கோணல்மாணலான செம்மை கலந்த ஊதாத் திட்டு, தொட்டாலே இலை உதிரும். பெயரில் சாம்பல் இருந்தாலும் அது வேறு குலம். சாம்பல் நோய்க்கு வாங்கிய கந்தகம் அதனிடம் பலிக்காது.

இனி சரக்குகளுக்கு வருவோம்.

நனையும் கந்தகம் 80 சதவீதம். ஒரே ஒரு பாக்கெட்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். சாம்பல் நோய்க்கு நூறு வருடத்துக்கும் மேலாகப் பயன்படும் சரக்கு. இன்றும் இதை எதிர்த்து நிற்கும் பூஞ்சணம் உருவாகி அது பயனற்றுப் போகவில்லை. பூஞ்சணத்தின் உடம்பில் ஒரே இடத்தைத் தாக்கும் நவீன மருந்துகளுக்குத்தான் அந்தக் கதி. இயற்கை வேளாண்மைத் தரச்சான்று விதிகளிலும் கந்தகத்துக்கு இடமுண்டு.

கேட்டு வாங்குவதில்தான் பிசகு நடக்கிறது. "சல்ஃபர் குடுங்க" என்றால் சில கடைகளில் பென்டோனைட் சல்ஃபர் 90 சதவீதக் குருணையைப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். அது மண்ணில் போடும் உரம், தண்ணீரில் கலந்து இலைக்கு அடிக்க அல்ல. லேபிளில் 80 சதவீதம் என்றும், டபிள்யூ.பி. அல்லது டபிள்யூ.டி.ஜி. என்றும் இருக்க வேண்டும். முதலாவது மாவு, சல்ஃபெக்ஸ் அந்த வகை. இரண்டாவது தண்ணீரில் போட்டால் உடைந்து கலையும் சிறு குருணை. காசாவெட், தியோவிட் ஜெட் எல்லாம் இந்த வகை. வேலை இரண்டும் ஒன்றுதான். மாடியில் காற்றடிக்கும் இடத்தில் கலப்பவர்களுக்குக் குருணை நல்லது, மாவு பறந்து கண்ணில் விழுந்தால் எரியும்.

அளவு லிட்டருக்கு 2 கிராம். இரண்டு லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 4 கிராம். ஸ்பூன் கணக்கு வேண்டாம், மாவுக்கும் குருணைக்கும் ஒரே ஸ்பூனில் எடை மாறும். நகை எடைபோடும் சின்ன மின்தராசு ஒன்று இருந்தால் இந்த வேலை முழுவதற்கும் உதவும். முதலில் ஒரு டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தெளிப்பானில் ஊற்றி, மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். கந்தகம் கரைவதில்லை, மிதக்கிறது. ஐந்து நிமிடம் சும்மா வைத்தால் அடியில் உட்கார்ந்துவிடும். இரண்டு செடிக்கு ஒருமுறை குலுக்காமல் அடித்தால் ஒரு செடிக்கு வெறும் தண்ணீரும் இன்னொரு செடிக்கு இரட்டை மருந்தும் போகும். ஒரு செடி மட்டும் கருகியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

நோய் வருமுன் காப்பாக 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை, வந்த பிறகு 7 நாள் இடைவெளியில் மூன்று முறை. இலையின் அடிப்பக்கம், மொட்டுக் கழுத்து இரண்டையும் விடக்கூடாது. சொட்டுவதற்குச் சற்று முன்பு நிறுத்திவிடலாம்.

இதன் குறை வெயில். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை ஓரம் தீய்ந்துபோகும். ஆகவே சென்னை, மதுரை, திருச்சியில் மாசி கடைசியோடு பாக்கெட்டை மடித்து வைத்துவிட வேண்டியதுதான். நல்லவேளையாக அந்த வெயிலில் சாம்பல் நோயும் அடங்கிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: கந்தகம் ஆவியாகவும் வேலை செய்கிற பொருள் என்பதால் 18 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும். ஊட்டி, கொடைக்கானலில் டிசம்பர்க் காலையில் அடித்துவிட்டு மறுநாளே பலன் தேடக்கூடாது. எண்ணெய் எதுவும் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம், கந்தகம் அடித்தாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். இன்னொன்று, செம்பேனைத் தின்னும் நல்ல பேன்களையும் கந்தகம் கொல்லும். நோயே இல்லாத செடிக்கு வருடம் முழுக்க அடித்துக்கொண்டிருப்பது வீண் வேலை. பன்னீர் ரோஜா வைத்துக் குல்கந்து போடுகிறவர்கள் பூப் பறிக்கும் பருவத்தில் இதைத் தொடவே வேண்டாம், இதழில் வாடை ஏறும்.

கரும்புள்ளிக்குக் கந்தகம் பலிக்குமா? முன்கூட்டியே இலைமேல் படிந்திருந்தால் ஓரளவு தடுக்கும். புள்ளி விழுந்த இலையைத் திருப்பித் தராது. ரோஜாவைப் பொறுத்தவரை எந்த மருந்துக்கும் இது பொருந்தும். "அடிச்சும் புள்ளி போகலை" என்ற புகாரில் அர்த்தமில்லை. அடித்த பிறகு விரிந்த இலையில் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துளிரில் நூல் கட்டி அடையாளம் வைத்து, 14 நாள் கழித்து அந்த நூலுக்கு மேலே வந்த இலைகளைப் பாருங்கள். முடிந்தால் ஒரு தொட்டியை அடிக்காமல் விட்டு வையுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை, வானிலைதான் வேலை செய்திருக்கிறது.

சமையல் சோடா. வீட்டிலேயே இருக்கிறது என்பதால் எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான். கைவைத்தியம் என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஹார்ஸ்ட் ரோஜாவிலேயே இதைச் சோதித்தார். எண்ணெயோடு சேர்த்து அடித்தபோது சாம்பல் நோயும் கரும்புள்ளியும் குறைந்தன. அந்த எண்ணெய்தான் இங்கே பரவும் குறிப்புகளில் விட்டுப்போகிறது. வெறும் சோடாத் தண்ணீர் ரோஜா இலையில் நிற்காது, முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும்.

லிட்டருக்கு 4 கிராம் சோடா, 5 மில்லி எண்ணெய், எண்ணெய் கலக்கும் அளவுக்கு இரண்டு மூன்று சொட்டு திரவ சோப்பு. தோட்டக்கலைக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய் சிறந்தது. கிடைக்காவிட்டால் சூரியகாந்தி எண்ணெய் போதும், நல்லெண்ணெய் கனம் அதிகம். பேக்கிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள், அதில் புளிப்பு உப்பும் மாவும் கலந்திருக்கும். சாயங்காலம் அடிக்கலாம், உச்சிவெயிலில் அடித்தால் இலை நுனி காயும்.

சாம்பல் நோயின் ஆரம்பத்தில் இது பரவாயில்லை. ஆனால் தொட்டிச்செடிக்கு மாதக்கணக்கில் ஏற்றதல்ல, ஏனென்றால் இது சோடியம். வழிந்து மண்ணில் இறங்குவது தொட்டியை விட்டுப் போக இடமில்லை. போர்த் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கும் ஊர்களில் சேதம் சீக்கிரம் தெரியும்: அடி இலைகளின் ஓரம் பழுப்பாகக் காயும், மண் இறுகித் தண்ணீர் மேலேயே நிற்கும். ஒரு பருவத்தில் நான்கு தெளிப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடிக்கும்போது தொட்டி வாயைப் பழைய செய்தித்தாளால் மூடிவிடலாம். இதே வேலையைப் பொட்டாசியம் பைகார்பனேட் இன்னும் நன்றாகச் செய்யும், மண்ணில் சேர்ந்தாலும் பொட்டாசியம் செடிக்குச் சாப்பாடு. அளவு லிட்டருக்கு 3 முதல் 5 கிராம். எல்லா உரக்கடையிலும் இருக்காது, உணவுத்தர ரகத்தை இணையத்தில் வாங்கலாம். இரண்டில் ஒன்று என்றால் சந்தேகமே இல்லாமல் பொட்டாசியம்.

பால். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் சரக்கு இருக்கிறது. 1999-இல் பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் சீமைச் சுரைக்காயின் சாம்பல் நோய்க்குப் பாலைத் தெளித்து, பூஞ்சணக் கொல்லிக்கு நிகராகக் கட்டுப்பட்டதை வெளியிட்டார். ரோஜாவுக்கு ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் இருமுறை. இதைக் காலை வெயிலில்தான் அடிக்க வேண்டும், வெளிச்சம் படும்போதுதான் பால் புரதம் வேலை செய்கிறது என்று கருதப்படுகிறது. கெட்டியாக அடித்தால் இன்னும் நல்லது என்று நினைத்துப் பாதிக்குப் பாதி கலந்தால், இலைமேல் பாலைத் தின்ன வேறு பூஞ்சணம் வந்து கறுப்பாகப் படியும். கொழுப்பு குறைந்த பால் வாடை கம்மி. பத்துத் தொட்டி வரை சரி, ஐம்பது செடிக்குப் பால் கணக்குப் பார்த்தால் கந்தகமே மலிவு. கரும்புள்ளிக்கு இதை நம்ப வேண்டாம்.

வேப்பெண்ணெய். கடையில் அதிகம் விற்பது, இந்த வேலைக்கு அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். வேப்பம் பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று செக்கில் ஆட்டிய முழு எண்ணெய். மற்றது வேம்பின் பூச்சிக்கொல்லிச் சத்தான அசாடிராக்டின் 1500 பி.பி.எம்., 10000 பி.பி.எம். என்று எண் போட்ட பாட்டில். எண் போட்டது பூச்சிக்கு: அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ. பூஞ்சணத்துக்கு அதனால் பிரயோஜனமில்லை. முழு எண்ணெய் சாம்பல் நோயின் பூஞ்சண இழைகளைப் போர்த்தி மூச்சடைக்கச் செய்யும், அதுவும் ஆரம்பத்தில். லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் போகக்கூடாது. எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பால் நிறம் வரும்வரை அடித்துக் கலக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் கலப்பு தோற்றுவிட்டது என்று பொருள், அதை அடித்தால் இலையில் எண்ணெய்ப் பொட்டு விழுந்து அந்த இடமெல்லாம் வெந்துபோகும். துளிர் சுருள்வதற்குக் காரணம் இலைப்பேன் என்றால் வேப்பெண்ணெய் வாங்குங்கள். வெள்ளைக் காகிதத்தின்மேல் மொட்டைத் தட்டினால் ஊசிமுனை போல ஊர்ந்து ஓடுவது இலைப்பேன். மாவு விழுந்தால் கந்தகம்.

சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.1 ரகத்தால் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்கு பழகிய பெயர். டால்க் பொடியில் கலந்து விற்கும் உயிருள்ள பாக்டீரியா. இதை மருந்து என்று வாங்கினால் ஏமாற்றம்தான், தடுப்பூசி என்று நினைத்து வாங்கினால் சரி. இலையிலும் வேரிலும் இடம்பிடித்துச் செடியின் எதிர்ப்பைத் தூண்டும், மற்ற கிருமிக்கு இடம் கொடுக்காது. ஆகவே மழைக்கு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். இலை பாதி கொட்டிய பிறகு பாக்கெட் பிரித்துப் பயனில்லை.

கடையில் பார்க்க வேண்டியது விலை அல்ல, தயாரிப்புத் தேதி. டால்க்கில் உள்ள பாக்டீரியாவின் எண்ணிக்கை மாதாமாதம் இறங்கிக்கொண்டே போகும். நான்கு மாதத்துக்கு மேற்பட்டதை விட்டுவிடுங்கள், லேபிளில் காலாவதி இன்னும் இருந்தாலும் சரி. தகரக்கூரைக் கடையில் வெயில் படும் அலமாரியில் இருந்த பாக்கெட்டும் வேண்டாம், அதில் மிஞ்சியிருப்பது முகப்பவுடர்தான். தெளிக்க லிட்டருக்கு 5 முதல் 10 கிராம். வேருக்கு, தொட்டிக்கு 10 கிராமை ஒரு கைப்பிடி மண்புழு உரத்தில் கலந்து மேல்மண்ணில் கிளறிவிட வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு இரவு திறந்த வாளியில் வைத்திருந்து எடுக்கவும். பொடியைக் கரைத்து அரைமணி நேரம் தெளியவிட்டு மேல்நீரை வடிகட்டினால் நாசில் அடைக்காது. வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும், புற ஊதாக்கதிர் பாக்டீரியாவைக் கொல்லும். தாமிர மருந்து அடித்திருந்தால் 15 நாள் இடைவெளி கட்டாயம்.

டிரைக்கோடெர்மா விரிடி பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். இது மண்ணுக்கு. வேரழுகலுக்கு நல்லது, இலைப்புள்ளிக்கு இதைத் தெளித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. லேபிளில் ஒரு கிராமுக்கு 20 லட்சம் வித்து என்று பார்த்து வாங்கலாம். வேகவைத்த சோற்றில் தூவி, நான்கு நாளில் பச்சை பூத்தால் உயிர் இருக்கிறது என்று ஒரு சோதனை சொல்வார்கள். சோற்றில் பச்சை பூக்க டிரைக்கோடெர்மாதான் வேண்டும் என்றில்லை.

இவ்வளவுக்கும் பிறகு கரும்புள்ளிக்கு எது என்றால், கத்தரிக்கோலும் நேரமும். எந்தப் பாக்கெட்டும் அதற்கு ஈடில்லை. புள்ளி விழுந்த இலைகளை உலர்ந்த நேரத்தில் பறிக்க வேண்டும், ஈரத்தில் பறித்தால் கைவழியே வித்து அடுத்த செடிக்குப் போகும். தரையில் விழுந்தவற்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட வேண்டும், வீட்டு உரக்குழியில் அல்ல. அங்கே சூடு ஏறாது, நோய் சாகாது. அடியிலிருந்து ஓர் அடி உயரம் வரை இலையே இல்லாமல் செய்தால், மண்ணிலிருந்து தெறிக்கும் மழைத்துளி இலையைத் தொடுவது குறையும். மேல்மண்ணில் தேங்காய் நார் அல்லது காய்ந்த புல் இரண்டு அங்குல மூடாக்கு. தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும். சாயங்காலம் பூவாளியால் தலைக்கு ஊற்றினால் அந்த 7 மணி நேர ஈரத்தை நீங்களே கொடுக்கிறீர்கள். தொட்டிக்குத் தொட்டி ஒன்றரை அடி இடைவெளி விட்டால், மழை நின்றதும் இலை சீக்கிரம் காய்ந்துவிடும். தொடர்மழை நாட்களில் வாரம் ஒருமுறை, இலை காய்ந்த இடைவெளி பார்த்து, கந்தகம் ஒரு தெளிப்பு. அவ்வளவுதான் செய்ய முடியும். புள்ளியே இல்லாத ரோஜா வேண்டுமென்றால் மழை மறைப்புக்கு ஒரு பாலித்தீன் கூரை போடுவது எல்லா மருந்தையும் விடப் பலிக்கும்.

சாம்பல் நோய்க்கும் மருந்தைக் குறைக்க வழி உண்டு, அது வேறு பக்கம். துளிரும் மொட்டும் வேண்டுமென்று மார்கழியில் யூரியாவும் மீன் அமிலமும் மாறி மாறிக் கொடுத்தால், வரும் துளிர் கொழுகொழுவென்று பூஞ்சணத்துக்கு விருந்தாகும். உரத்தைப் பாதியாகக் குறைத்து, ஆறு மணி நேர வெயில் படும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்தினாலே சில தெளிப்பு மிச்சம். வெறும் தண்ணீரைக் காலை எட்டு மணிக்குள் பீய்ச்சி இலையைக் கழுவுவதும் இந்த நோயைக் குறைக்கும், மதியத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். கரும்புள்ளி இருக்கும் செடியில் அந்த வேலை கூடாது.

கடைசியாகப் போர்டோ. 1885-இல் பிரான்சின் போர்டோ பகுதியில் மிலார்டே என்ற தாவரவியலாளர் திராட்சைக்காக உலகுக்குச் சொன்ன கலவை. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (காப்பர் சல்ஃபேட்) சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள், அந்தக் கொடிகளில் மட்டும் நோயில்லை என்பதை அவர் கவனித்தார். இயற்கை வேளாண்மையில் அனுமதி உண்டு என்பதற்காக இதைச் சாது என்று எண்ண வேண்டாம். தாமிரம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. குளிர்ந்த ஈர நாளில் ரோஜா இலைமேல் அடித்தால் சிவந்து உதிரும். ஆகவே ரோஜாவுக்கு இதை இலைமருந்தாகப் பரிந்துரைக்க மாட்டோம். கவாத்து செய்த வெட்டுவாயில் பூசுவதற்கு மட்டும் இதற்கு நிகரில்லை. நுனியிலிருந்து கறுத்துக் கீழே இறங்கும் நுனிக்கருகல் நோய் அந்த வெட்டுவாய் வழியாகத்தான் நுழைகிறது.

வீட்டளவுக்கு 10 கிராம் மயில்துத்தம் 50 மில்லி தண்ணீரில், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு 50 மில்லியில். இரண்டும் பிளாஸ்டிக் டப்பாவில்தான், இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. சுண்ணாம்பு நீறி ஆறிய பிறகு, துத்தக் கரைசலை அதில் மெல்ல ஊற்றிக் குச்சியால் கலக்கினால் வானநீலத்தில் பசை வரும். பளபளப்பான இரும்புக் கத்தியை இரண்டு நிமிடம் அதில் விட்டு எடுத்துப் பாருங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, தண்டு வேகும். இன்னும் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டுக் கலக்கி மறுபடி பாருங்கள். கறுத்த பகுதிக்கு இரண்டு அங்குலம் கீழே, உள்தண்டு வெள்ளையாகத் தெரியும் இடத்தில், வெளிநோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, காதுக்குச்சியில் தொட்டு வெட்டுவாயை மட்டும் மூட வேண்டும். மொட்டில் படக்கூடாது. மிச்சமான பசையைப் பாட்டிலில் போட்டு வைக்காதீர்கள், மறுநாள் அதற்கு வீரியம் இருக்காது. அடுத்த கவாத்துக்குப் புதிதாகத்தான் கலக்க வேண்டும்.